நாலரை மணிச் சங்கு

பங்ச்சரான ஸ்கூட்டரைப் பங்ச்சர் கடை வாசலைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போன மனிதன் இந்த வட்டாரத்தில் ஒருவன்தான் இருப்பான். அவன் உன் அப்பன். உனக்கு அப்போது ஏழு வயது. பூந்தமல்லியில் உனக்கு ஸ்கூல் ஷூ வாங்கிக்கொண்டு திரும்பும்போது கரையான்சாவடித் திருப்பத்தில் பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. எதிரிலேயே கடை. டயர் தொங்குகிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆள் குனிந்து ஒரு சைக்கிள் டியூபை உரசிக்கொண்டிருக்கிறான். நீ விரலை நீட்டி, "அப்பா, கடை" என்றாய். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "அவனுக்கு வேலை தெரியாது" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோடை வெயிலில் சென்னீர்குப்பம் வரை வண்டியைத் தள்ளினேன். நீ ஷூ டப்பாவைக் குடை மாதிரி தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாய். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், அப்பாவுக்குத்தான் நல்ல கடை எது என்று தெரியும் என்று பெருமையடித்தாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. இரண்டாவது தடவை மோர் வாங்கி ஊற்றிச் சாப்பிட்டேன். ஆனால் அந்த ஷூவை நீ போட்டுக்கொண்டு போன ஒரு வருஷமும் உன் காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

அந்தக் கடைக்காரனுக்கு வேலை தெரியும். அவனைப் போல டியூப் ஒட்டுகிறவன் இந்தப் பக்கத்தில் கிடையாது. அவன் பெயர் மணி. போன வாரம் உன் பைக் அதே திருப்பத்தில் பங்ச்சராகி, நீ என்னைப் போல இல்லாமல் புத்திசாலியாக அங்கேயே நிறுத்தியிருக்கிறாய். வீடு சேக்காட்டில் என்று நீ சொன்னதும் அவன் உன்னை மேலும் கீழும் பார்த்து, "உங்க நைனா கோல் கீப்பரா?" என்று கேட்டானாம். காசு வாங்க மாட்டேன் என்றானாம். கிளம்பும்போது, "அவரு கை இன்னும் நீட்டமாத்தான் கீதா?" என்று விசாரித்தானாம். யாருப்பா அது என்று நீ கேட்டபோது நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு, யாரோ பழைய ஆளாக இருக்கும் என்றேன். அது முந்தின நாள் பேப்பர். இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்குக் கல்யாணம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு ஹாலில் கிடக்கிறது. அழைப்பு லிஸ்டில் உன் அம்மாவின் அத்தை மகனுடைய சம்பந்தி வரைக்கும் இருக்கிறார்கள். ஜென்மத்தில் நம் வீட்டில் ஒரு காபி குடிக்காத ஆட்கள். மணி இல்லை. ஹாலில் மாட்டியிருக்கும் எங்கள் கல்லூரி கால்பந்து அணியின் போட்டோவில் என் தோளில் கை போட்டு நிற்பவன் அவன்தான். அதை நேரில் சொல்ல இரண்டு தடவை உன் அறை வாசல் வரை வந்தேன். இரண்டு தடவையும் ஃபேனை நிறுத்து, கரண்ட் பில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வாய் இப்படி இருப்பதால் கையால் எழுதுகிறேன்.

முதலில் நான் கோல் கீப்பர் ஆன கதை. இதிலும் உனக்கு ரீல் விட்டிருக்கிறேன். என் பாய்ச்சலைப் பார்த்துப் பி.டி. மாஸ்டர் அசந்துபோனார் என்று நீ நாலாம் வகுப்பில் கட்டுரையே எழுதிவிட்டாய். நடந்தது என்னவென்றால், என்னிடம் கையுறை இருந்தது. உன் தாத்தா ஆவடி பாக்டரியில் வெல்டிங் செக்‌ஷன். அங்கே கொடுக்கும் தோல் கையுறை முழங்கை வரை வரும். தேய்ந்த ஜோடி ஒன்றை நான் சுட்டுக்கொண்டேன். கிரீஸ் நாற்றம் அடிக்கும். மழை பெய்தால் அதில் பந்து சோப்பு மாதிரி வழுக்கும். ஆனாலும் கையுறை கையுறைதானே. கிளவுஸ் யாரிடம் இருக்கிறது என்று மாஸ்டர் கேட்டார், நான் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான் தேர்வு. மாஸ்டர் அடிப்படையில் வாலிபால் ஆள். ஆப்சைடு என்றால் என்னவென்று அந்த சீசன் முடியும்வரை அவருக்கும் தெளிவில்லை, எங்களுக்கும் தெளிவில்லை. எதிரணி கையைத் தூக்கினால் நாங்களும் மரியாதைக்கு ஒரு கை தூக்கிவைப்போம். அவர் எங்கோ படித்துவந்து எங்கள் மண்டையில் ஏற்றிய விதி ஒன்றே ஒன்று. கீப்பர் கூப்பிட்டால் பந்து கீப்பருக்கு. அவன் விடு என்றால் மற்றவன் காலை எடுத்துவிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது.

மணி ஸ்டாப்பர் பேக்; கோலுக்கு முன்னால், அதாவது எனக்கு முன்னால், சுவர் மாதிரி நிற்பவன். அயனம்பாக்கத்துக்காரன். அவன் வீட்டில் எல்லோரும் ஏரிக்கு அந்தப் பக்கம் வயலில் கூலி வேலை செய்தவர்கள். வயலெல்லாம் மனையாகிக் கல் நட்டதும் அவன் அப்பா லாரியில் செங்கல் ஏற்றப் போய், இடுப்பு விழுந்து, பாயில் படுத்துவிட்டார். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையைப் பெருக்கினாள். கீழே இரண்டு தங்கச்சிகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவன்தான். அதுவும் காலையில் சைக்கிள் கடையில் வேலை பார்த்துவிட்டு, நகத்தில் கறுப்போடு வந்து உட்காருவான். எங்களுக்கு இருந்தது ஒரே பந்து. அதன் பிளாடர் ஓட்டையானால் சொல்யூஷன் தடவி அவன்தான் ஒட்டுவான். யாரோ சீனியர் விட்டுப்போன பூட்ஸ், இரண்டு சைஸ் பெரிசு. உள்ளே பேப்பரைத் திணித்துக் கட்டிக்கொண்டு ஆடினான். அப்படியும் அவனைத் தாண்டி எவனும் வந்ததில்லை. என் கையுறை அதிகம் அழுக்காகாமல் இருந்ததற்கு அவன்தான் காரணம். இதை நான் அப்போதே அறிந்திருந்தேன். யாராவது என்னைப் பாராட்டும்போது மட்டும் மறந்துவிடும்.

இங்கே சங்கு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், என் கதையே அதில்தான் தொங்குகிறது. எங்களுக்கு மைதானம் என்று இருந்தது பாக்டரி கேட்டுக்கு எதிரே இருந்த பொட்டல். நாலரைக்குச் சங்கு ஊதும். ஊதி முடிவதற்குள் கேட் திறக்கும். திறந்ததும் சைக்கிள், சைக்கிள், சைக்கிள். ரோட்டைச் சுற்றிப் போகப் பொறுமை இல்லாமல் அத்தனையும் எங்கள் மைதானத்தின் குறுக்கே மூலைக்கு மூலை பாயும். காக்கிச் சட்டை வெள்ளம். அதனால் சங்கு கேட்டால் பந்து எங்கே இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. எல்லோருடைய செருப்பும் கோல் கம்பத்துக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். சக்கரம் ஏறுவதற்குள் அதை அள்ளி ஓரம் கட்டுவது கீப்பர் வேலை. போதாததற்கு அந்தக் கூட்டத்தில் உன் தாத்தாவும் வருவார். அவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாக்டரிக்கு லீவு, சங்கும் கிடையாது, அன்றைக்கு மட்டும் பந்து கண்ணுக்குத் தெரியும்வரை ஆடுவோம். மற்ற ஆறு நாளும் இதே கூத்து. மூன்று வருஷத்தில் என் உடம்பு பழகிவிட்டது. காதில் சங்கு விழுந்தால் மூளைக்குச் செய்தி போவதற்கு முன்னாலேயே இடுப்பு செருப்புப் பக்கம் திரும்பிவிடும்.

அந்த சீசன்தான் எங்கள் கல்லூரி முதல்முதலாகப் போட்டிக்குப் போனது. கட்டடம் பாதி, கம்பி பாதியாக நின்ற கல்லூரி. பட்டணத்துக் கல்லூரிகள் எங்களைப் பார்த்ததும் ஒரு மாதிரி சிரித்தன. எங்கள் ஜெர்சியில் நம்பரை நாங்களே பெயிண்டால் எழுதியிருந்தோம், வேர்த்தால் முதுகில் ஒட்டும். முதல் ஆட்டம் டிரா. இரண்டாவது ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாவதும் ஜெயித்ததும் நாங்கள் குடியிருந்த பாக்டரி குவார்ட்டர்ஸில் எங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. அதுவரைக்கும் என்னை வெல்டர் பையன் என்று சொன்ன மாமிகள் கீப்பர் தம்பி என்றார்கள். டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் டீயில் ஆடை போட்டுத் தந்தார். அரை இறுதியில் நான் பெனால்டியைப் பாய்ந்து தடுத்த கதையை நீ ஒரு நூறு தடவை கேட்டிருப்பாய். பாயவில்லை. வழுக்கி விழுந்தேன். விழுந்த இடத்தில் பந்து வந்து முழங்காலில் மோதியது. மணி ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்தி, காதில், "நீ உய்ந்தத எவனும் பாக்கல மாமே, எகிறுன மாதிரியே நின்னுக்கோ" என்றான். அப்படித்தான் நின்றேன். இன்றைக்கும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

அரை இறுதிக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சபாரி சூட், மடியில் ஒரு ஃபைல். அந்தக் கம்பெனி புதிதாகக் கால்பந்து அணி சேர்த்துக்கொண்டிருந்தது. ஆடத் தெரிந்தவனுக்கு உள்ளே வேலை போட்டுக் கொடுப்பார்கள், சில மாதத்தில் பெர்மனன்ட். அவர் மாஸ்டரிடம் மணியைக் காட்டி, இறுதி ஆட்டத்தையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பையன் அன்றைக்கும் இப்படி நின்றான் என்றால் மறுநாளே சர்டிபிகேட்டோடு வரச்சொல்லுங்கள் என்றார். மாஸ்டர் வந்து சொன்னபோது மணி குனிந்து பூட்ஸுக்குள் இருந்த பேப்பரை எடுத்துப் பிரித்து, மடித்து, திரும்ப வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "எங்கம்மா தொடப்பத்த கீழ வெச்சிடும்டா" என்றான்.

இறுதியில் எங்களோடு மோதப்போவது யார் என்று பார்க்க, அடுத்த நாள் பட்டணத்தில் நடந்த இன்னொரு அரை இறுதிக்கு எல்லோரும் பஸ் ஏறிப் போனோம். போயிருக்கக் கூடாது. ஜெயித்த கல்லூரியில் ஒன்பதாம் நம்பர் போட்ட ஒரு சென்டர் பார்வர்டு. ஆள் கதவு மாதிரி. உயரப் பந்து ஒன்றுக்கு எதிரணிக் கீப்பர் கையை நீட்டிக்கொண்டு வந்தான், இவனும் வந்தான். கீப்பரின் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் நாங்கள் உட்கார்ந்திருந்த படிக்கட்டு வரை கேட்டது. அடுப்புக்குச் சுள்ளி ஒடிக்கிற சத்தம். அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் கை தனியாக ஆடியது. எங்கள் ஆட்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் என் தோள்பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து இறுதி ஆட்டம் வரைக்கும் எனக்கு வயிறு நிற்கவில்லை. உன் பாட்டி சுக்குக் கஷாயமாகப் போட்டுக்கொடுத்து, டீக்கடை ஆடைதான் காரணம் என்று கண்டுபிடித்தாள். மணியிடம் மட்டும், ஒன்பதாம் நம்பரை நீயே பார்த்துக்கொள் என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "நீ கூவுனா நான் உட்டுட்றேன். கூவலன்னா நான் எட்த்துட்றேன். இதுல இன்னாடா பயம்" என்றான்.

பட்டணத்து மைதானத்தில் மழைத் தண்ணீர் நின்றதால் இறுதி ஆட்டத்தை எங்கள் பொட்டலுக்கே மாற்றினார்கள். சொந்த மண் என்று எங்கள் ஆட்கள் குதித்தார்கள். மதியமே கூட்டம் சேர்ந்துவிட்டது. சேக்காட்டிலிருந்தும் குவார்ட்டர்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். உன் தாத்தா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டார். என் ஆட்டத்தை அவர் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை, அதுதான் கடைசித் தடவை. சபாரி சூட்காரருக்கு வேப்பமரத்தடியில் நாற்காலி. மடியில் அதே ஃபைல். மணி கோட்டுக்குள் இறங்கும்போது அந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

முதல் பாதியில் ஒன்பதாம் நம்பர் இரண்டு முறை தனியாக வந்தான். இரண்டு முறையும் மணி அவன் காலிலிருந்து பந்தை, தூங்குகிற பிள்ளை கையிலிருந்து பொம்மையை எடுப்பது போல எடுத்துக்கொண்டு போய்விட்டான். இடைவேளையில் சபாரி சூட்காரர் ஃபைலைத் திறந்து ஏதோ எழுதியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் மணியிடம் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று. இரண்டாவது பாதியில் அவர்களுக்கு வெறி ஏறிவிட்டது. முழங்கையால் இடித்தார்கள், காலை மிதித்தார்கள். ஒரு கார்னர் உதைக்கு முன்னால் ஒன்பதாம் நம்பர் என்னைத் தாண்டிப் போகும்போது, "கீப்பரு, எலும்பு பத்திரம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். யாருக்கும் கோல் இல்லை. பத்து நிமிஷம் பாக்கி. நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிமிஷத்தை எண்ணினேன்.

அப்போது அவர்கள் பாதியிலிருந்து ஒரு நீளப் பந்து வந்தது. உயரமாக வந்து எனக்கும் மணிக்கும் நடுவில் குத்தி எழும்பியது. மணி அதற்கு என்னைவிட இரண்டு எட்டுப் பக்கம். அவன் எடுத்திருந்தால் கதை முடிந்தது. ஆனால் இருநூறு பேர் பார்க்கிறார்கள், உன் தாத்தா பார்க்கிறார், நான் அதுவரை ஒரு பந்தையும் உருப்படியாகப் பிடிக்கவில்லை. "உடு மணி, என்து!" என்று கத்தினேன். அவன் உடனே, ஒரு கணம் யோசிக்காமல், காலைத் தூக்கி விலகினான். விலகியதோடு இல்லாமல் எனக்கு வழிவிட்டு ஒரு கையை வேறு விரித்தான். அவனுக்குப் பின்னாலிருந்து ஒன்பதாம் நம்பர் வந்தான். அவன் பூட்ஸின் அடியில் இருந்த குமிழ்கள் எத்தனை, எதில் மண் அப்பியிருந்தது என்று கேட்டால் இப்போதுகூடப் படம் போட்டுக் காட்டுவேன். சரியாக அந்த நேரத்தில் சங்கு ஊதியது. என் இடுப்பு திரும்பிவிட்டது. செருப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் எதுவோ உரசிப் போனது. பந்து. வேகமாகக்கூடப் போகவில்லை தம்பி. சாயந்தரம் மாடு வீட்டுக்குப் போகிற மாதிரி நிதானமாக உருண்டு கோட்டைத் தாண்டி, யாரோ ஒருவனின் ரப்பர் செருப்பில் மோதி நின்றது.

மிச்ச நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. தோற்றோம். விசில் அடித்ததும் எல்லோரும் மணியைச் சூழ்ந்துகொண்டார்கள், ஏனென்றால் எல்லோரும் பார்த்தது அவன் பந்தை விட்டதைத்தான். மாஸ்டர் அழாத குறை. ஏண்டா விட்டாய் என்று கேட்டார். "அவன் கூவுனான் சார்" என்றான் மணி. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. வேப்பமரத்தடி நாற்காலியும் அதில் இருந்தது. இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஏழு வயதில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாய். நான் சொன்னது இது: "நான் ஒண்ணும் சொல்லலையே." கூட்டத்தின் சத்தத்தில் நான் கூவியது வேறு யாருக்கும் கேட்டிருக்கவில்லை. மணி என்னைப் பார்த்தான். கோபமே இல்லை. குழம்பிப்போய்ப் பார்த்தான். தன் காதைத் தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். சபாரி சூட்காரர் ஃபைலை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, மாஸ்டரிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். உன் தாத்தா வேர்க்கடலைத் தோலை வேட்டியிலிருந்து தட்டிவிட்டு எழுந்து நடந்தார். வீட்டில் அவர் என்னிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் நான் செய்ததில் மோசமானது. மணி பட்டணத்துக்காரனிடம் காசு வாங்கிவிட்டான், ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. நான் அதைக் கிளப்பவில்லை. இதை மட்டும் நீ நம்ப வேண்டும். ஆனால் வம்பு என்றால் எனக்கு உயிர் என்பது உனக்குத் தெரியும். என்னிடம் வந்து கேட்டவர்களிடம், "தெரியலப்பா, அப்படித்தான் பேசிக்கிறாங்க" என்றேன். இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். நான் செலவழித்தது மூன்று சொல்.

ஒரு வாரம் கழித்து மணி குவார்ட்டர்ஸுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றான். "நீ கூவுனியா இல்லியா? அத்த மட்டும் சொல்லு. நான் யார்கிட்டயும் போய் ஒப்பிக்க மாட்டேன்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "எனுக்கு நல்லா கேட்டுச்சுடா. கேக்கலன்னா என் காதுல இன்னாமோ கோளாறு கீது. அதான் பயமா கீது." நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு, காற்றில் ஏதாவது கேட்டிருக்கும்டா என்றேன். அவன் சைக்கிளைத் திருப்பினான். "செரி" என்றான். அடுத்த டெர்முக்கு அவன் கல்லூரிக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டினான் என்று யாரோ சொன்னார்கள். டாக்டர், காதில் ஒரு கோளாறும் இல்லை, போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்றாராம்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பார்த்துக்கொள். பயமாக இருந்தால் சொல்லாதே, பக்கத்தில் இருக்கிறவன் எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஆட்டத்தோடு எனக்கு இந்த வியாதி போய்விட்டது என்று நினைத்துவிடாதே. நீ பிறந்த அன்று எதிர் வீட்டுக்காரர் தன் வேனை எடுக்கிறேன் என்றார். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனேன். அம்மா கத்திய சத்தம் தெரு முனை வரை கேட்டது. எனக்குக் கால் நகரவில்லை. டீக்கடையில் நின்றுவிட்டேன், ஆட்டோவுக்காகக் காத்திருக்கிற மாதிரி. கடைசியில் எதிர் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே வேனை எடுத்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டில் நீ பிறந்திருந்தால் உனக்கு என்ன பெயர் வைத்திருப்போம் என்று சொல்லி நான் எல்லோரையும் சிரிக்கவைப்பேனே, அந்த ஜோக்கில் நான் வேனுக்குள் இருப்பேன். உண்மையில் நான் பின்னால் பஸ்ஸில் வந்தேன். உன் அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை. அவளும் காலைத் தூக்கி வழிவிட்டவள்தான்.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். வியாழக்கிழமை காலை என்னோடு கரையான்சாவடிக்கு வா. தட்டு, வெற்றிலைபாக்கு, பத்திரிகை எல்லாம் நான் எடுத்து வைத்துவிட்டேன். அவன் பெயரையும் எழுதிவிட்டேன், குடும்பத்தார் என்று சேர்த்து. வண்டியை நீ ஓட்டு. கடை வந்ததும் நான், இன்றைக்குக் கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வரலாம் என்று கட்டாயம் சொல்வேன். நீ சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள். உன் எதிரில் அவனிடம், நான் கூவினேன்டா, உன் காது நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லப் போகிறேன். அவன் தட்டை வாங்காமல் போகலாம். ஸ்பேனரை எடுத்து அடித்தாலும் நீ குறுக்கே வரக் கூடாது. பந்தைக் கூப்பிட்டுவிட்டு ஏன் திரும்பினாய் என்று அவன் கேட்டால் சங்கைச் சொல்வேன். அதையாவது புரிந்துகொள்வான், அந்தச் சங்குக்குச் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்தானே அவனும். இத்தனை வருஷமும் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான். கூவியது நான், பொய் சொன்னது நான், ஆனால் திரும்பியது நான் இல்லை, அந்தச் சங்கு.

அவனிடம் காட்டலாம் என்று இப்போதுதான் ஹாலில் இருந்த போட்டோவைக் கழற்றினேன். சட்டத்துக்குப் பின்னால் அட்டை வைப்பதற்குப் பதிலாக உன் தாத்தா அந்த இறுதி ஆட்டத்தின் நோட்டீஸை மடித்து வைத்திருக்கிறார். டீக்கடைச் சுவரிலிருந்து கிழித்துவந்திருப்பார் போல, மூலையில் பசை இருக்கிறது. மாஸ்டரின் கையெழுத்து, சிவப்பு மை, நன்றாகவே படிக்க முடிகிறது. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்கு என்று போட்டிருக்கிறது.